சொறியைத் தின்னும் நத்தை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அதிபர் அவர்களே, எங்களுக்குக் கற்பித்த ஆசிரியர்களே, அக்காமாரே, தங்கச்சிமாரே, பின் வாங்குகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இன்றைய மாணவிகளே!  

இந்த உரையை ஒருத்தி வாசிக்கிறாள். எழுதியவர்கள் ஐந்து பேர். எழுபதுகளில் இதே பாடசாலையில் பத்தாம் வகுப்பில் ஒன்றாக இருந்தவர்கள் நாங்கள். இப்போது இருவர் தம்பிலுவிலில், ஒருத்தி அக்கரைப்பற்றில், ஒருத்தி ரொறன்ரோவில், ஒருத்தி சிட்னியில். மூன்று தேசத்து நேரங்களைக் கூட்டிக் கழித்து, தொலைபேசியில் சண்டை பிடித்து எழுதி முடித்தோம். ஆகையால் இதில் 'நான்' என்ற சொல் வராது. வருவது 'நாங்கள்' மட்டுமே.

பழைய நினைவுகளைப் பேசுங்கள் என்றுதான் செயலாளர் தங்கச்சி கேட்டார். நாங்கள் பேச வந்திருப்பது ஒரு நத்தையைப் பற்றி. அவர் முகம் மாறுவது தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், நினைவும் வரும்.

மார்கழி மாதம். மூன்று நாள் மழை விட்டு வாடைக் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம். வீட்டுக்குச் சொல்லாமல் ஐந்து பேரும் கடற்கரைக்குப் போனோம். ஈர மணலில் எங்கு பார்த்தாலும் நீல வட்டங்கள். ஒரு ரூபாய்க் குற்றி அளவு, நடுவில் வெள்ளை, ஓரமெல்லாம் நீலக் குஞ்சம். 'நீலக் காசு' என்று நாங்களே பேர் வைத்து, கொம்பாஸ் பெட்டியில் பொறுக்கிப் போட்டோம். அந்தச் சந்தோசத்தில் எங்களில் ஒருத்தி பலூன் போல் ஊதிக் கிடந்த ஒன்றை வெறுங்காலால் மிதித்துவிட்டாள். அதிலிருந்து நீண்ட நீல நூல் அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. பிரம்பால் அடித்தது போலச் சிவப்புக் கோடு எழும்பிற்று. அவள் போட்ட சத்தத்தில் கரைவலைக்காரர் ஓடி வந்தார்கள். "சொறி பட்டுட்டு புள்ள, மண்ணால தேய்" என்றார் ஒருவர், தேய்த்தோம். "நல்ல தண்ணி ஊத்து" என்றார் இன்னொருவர்; ஊற்றினோம். இரண்டும் பிழை என்று பிறகுதான் அறிந்தோம். எரிவு இரண்டு மடங்காயிற்று.

அன்றிரவு ஐந்து வீட்டிலும் அடி. ஒரு வீட்டில் பெத்தா சொன்னார்: "கடல் பொம்புளப் புள்ளைகளுக்கு உகந்த இடமில்ல." அக்கரைப்பற்று வீட்டில் உம்மம்மாவும் ஏறக்குறைய அதையேதான் சொன்னாராம்.

அடுத்த நாள் விஞ்ஞான டீச்சர் ஏசவில்லை. காலைக் காட்டச் சொன்னார், கோடுகளை எண்ணினார். பிறகு ஒரு போத்தலில் குளத்துத் தண்ணீர் கொண்டுவந்து, பாடசாலையில் இருந்த ஒரே நுணுக்குக்காட்டியை யன்னல் பக்கம் வைத்து, ஒவ்வொருத்தியாகப் பார்க்கச் சொன்னார். இலையொன்றில் ஒட்டிக்கொண்டு, நூல் நூலான கைகளை ஆட்டியபடி ஐதரா நின்றது. "இது நேற்று அவளைச் சுட்டதன்ர சின்னத் தங்கச்சி. கடல் கோபத்தில உங்களுக்கு அடிக்கல்ல புள்ளையள். தொட்டா வெடிக்கிற பெட்டி அதுகளிட்ட இருக்கு. எங்க இருக்கு, எப்பிடி வெடிக்குது எண்டு தெரிஞ்சா பயம் பாதியாயிரும்" என்றார். இந்த உரையின் கரு அந்த வாக்கியம்தான். மீதி எல்லாம் அதற்கு எழுதிய உரை.

அந்தப் பெட்டிக்கு எங்கள் புத்தகத்தில் 'அழன்மொட்டுச் சிறைப்பை' என்று பெயர். வாய்க்குள் நுழையாத அந்தச் சொல்லைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினோம். பொருள் தெரிந்தால் அழகான சொல். கண்ணுக்குத் தெரியாத சிறு பை. உள்ளே சுருட்டி வைத்த குழல். வெளியே ஒரு விசை. விசையில் எதுவும் பட்டால் குழல் உள்வெளியாகப் புரண்டு பாய்ந்து தோலைத் துளைத்து நஞ்சை இறக்கும். ஐதராவில் அந்தப் பாய்ச்சலின் வேகத்தை 2006இல் அதிவேகக் கமெராவால் அளந்தார்கள். ஒரு செக்கனைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பையின் உள்ளே இருப்பது வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ 150 மடங்கு அமுக்கம். உயிருலகில் நாம் அறிந்த மிக வேகமான அசைவுகளில் இதுவும் ஒன்று. ஒவ்வொரு பெட்டியும் ஒரு முறைதான் வெடிக்கும். ஆனால் ஒரு நூலில் ஆயிரக்கணக்கில் இருக்கும். விலங்கு செத்துக் கரையில் காய்ந்து கிடந்தாலும் வெடிக்காத பெட்டிகள் காத்திருக்கும். எங்கள் தோழி மிதித்ததும் செத்த ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

நம் கரையில் தொட்டால் சுணைக்கிற எல்லாவற்றுக்கும் ஒரே பேர், சொறி. விஞ்ஞானத்திலும் அவை ஒரே குடும்பம்தான். நிடேரியா என்று பேர். குடை போல் மிதக்கும் சொறிமுட்டை, பாறையில் பூவாய் விரியும் கடற் சாமந்தி, பவளப் பூச்சி, வலைக் கயிற்றில் பாசி போல் படர்ந்து கையைக் கடிக்கும் ஐதரொயிட், நாங்கள் பொறுக்கிய நீலக் காசு, எல்லாம் இதில் அடங்கும். நீலக் காசுக்கு விஞ்ஞானப் பெயர் போர்ப்பிட்டா. அதன் சுணை லேசானது. தோழி மிதித்தது பைசேலியா. அது ஒரு விலங்கு மாதிரித் தெரிந்தாலும் ஒட்டிப் பிறந்த பல உடல்களின் கூட்டுக் குடும்பம். மிதக்கும் பலூன் ஒருத்தி, இரை பிடிக்கும் நூல் ஒருத்தி, சமிக்கும் வயிறு ஒருத்தி என்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டவை. நூல்கள் 10 மீற்றர் வரை சாதாரணமாக நீளும், அதற்கு மேலும் போகும்.

இப்படிப்பட்ட வெடிப்பெட்டிக் குவியலை யார் தின்பார்? ஆமைகள் தின்னும், சில மீன்கள் தின்னும். எங்களை மலைக்க வைத்தது ஒரு நத்தை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கடலட்டை என்றதும் காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கறுத்தப் பொருள் உங்கள் நினைவுக்கு வரும். அது முட்தோலி இனம், நட்சத்திர மீனுக்கு உறவு. நாங்கள் சொல்வது உண்மையிலேயே நத்தை. ஊமச்சிக்கும் மட்டிக்கும் கணவாய்க்கும் இனம். குஞ்சுப் பருவத்தில் ஓடு இருக்கும். வளரும்போது ஓட்டைக் கழற்றி எறிந்துவிடும். இதற்கு ஆங்கிலத்தில் நூடிபிராங்க் என்று பெயர். மூடியில்லாத செவுள் என்று பொருள். செவுளுக்கு நம் ஊரில் என்ன சொல்? பூ. மீன் வாங்கும்போது செட்டையைத் தூக்கி, பூ சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்போமே, அதே பூ. அப்படியானால் இதன் பெயர் 'பூவை வெளியே வைத்திருப்பது' என்று ஆகிறது. மெத்தப் பொருத்தமான பெயர், ஏனென்றால் பார்வைக்கும் அது பூவேதான். கத்தரிப்பூ, மஞ்சள், செம்மஞ்சள், மயில்நீலம் என்று புடவைக்கடையை விரித்து வைத்த மாதிரி 3,000க்கு மேற்பட்ட இனங்கள் உலகக் கடல்களில் உண்டு. அநேகமானவை ஒரு விரலுக்குள் அடங்கும். அந்த அழகை அது தானே பார்க்க முடியாது என்பதுதான் வேடிக்கை. அதன் கண்ணுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டுமே தெரியும். தலையில் உள்ள இரண்டு கொம்புகளால் மணந்து மணந்தே உலகை அறிகிறது. அப்படியானால் நிறம் யாருக்கு? தின்ன வருகிறவனுக்கு. "என்னைக் கடித்தால் வருந்துவாய்" என்ற அறிவித்தல் அது.

வருந்த வைக்கும் பொருள் எங்கிருந்து வருகிறது என்பதில் இரண்டு பெரிய வீட்டார் இருக்கிறார்கள். ஒரு வீட்டார் பெரும்பாலும் கடற்பஞ்சைத் தின்று, அதிலுள்ள கசப்பு நஞ்சைத் தோலில் சேர்ப்பவர்கள். மற்ற வீட்டார் ஏயோலிட் என்பவர்கள். முதுகு முழுவதும் விரல் விரலாய் முளைகள் நிற்கும். இவர்கள்தான் சொறியைத் தின்பவர்கள்.

ஏயோலிட் நத்தை ஐதரொயிட்டையோ கடற் சாமந்தியையோ கிட்டும்போது துள்ளிப் பாய்வதில்லை. மெல்ல ஊர்ந்து போகும். உடலெங்கும் ஒரு வழுவழுப்பைப் பூசிக்கொள்ளும். அந்த வழுவழுப்பு பட்டால் பல பெட்டிகள் வெடிக்காமலே இருந்துவிடும். வெடிப்பவற்றைத் தாங்க வாயிலும் குடலிலும் தடித்த உள்ளுறை உண்டு. அரம் போன்ற நாக்கால் அராவி அராவித் தின்னும். முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. காயப்படுவதும் உண்டு, சில வேளை பெரிய சாமந்திக்கே இரையாவதும் உண்டு. ஆனாலும் அதன் சாப்பாடு அங்கேதான் இருக்கிறது, ஆகவே போகிறது.

இனித்தான் அதிசயம். தின்ற பெட்டிகளில் இன்னும் முதிராதவற்றை அது சமித்து அழிப்பதில்லை. குடலின் கிளைகள் முதுகு முளைகளுக்குள் ஏறிப் போகின்றன. ஒவ்வொரு முளையின் நுனியிலும் ஒரு சிறு பை. பெட்டிகள் அங்கே போய்ச் சேர்ந்து, நத்தையின் உடலுக்குள்ளேயே முதிர்ந்து, வெடிக்கத் தயாராகின்றன. பிறகு ஒரு மீன் வந்து கடித்தால், சொறியின் சூடு நத்தையிடமிருந்து மீனின் வாய்க்குள் இறங்கும். முளை அறுந்துபோனால் திரும்ப முளைக்கும். செலவான பெட்டிக்குப் பதில் அடுத்த சாப்பாட்டில் புதிது வரும்.

இதை முதலில் ஆட்கள் நம்பவில்லை. நத்தை தானே அந்தப் பெட்டிகளை உண்டாக்குகிறது என்றுதான் பலர் எண்ணினார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எடின்பரோவில் இருந்த ஸ்ட்ரெத்தில் றைற் என்ற வைத்தியர், அவை தின்ற இரையிலிருந்து வந்தவை என்று சொன்னார். 1903இல் குரோவ்னர் என்பவர் அதை ஐயமற நிறுவினார். இரையை மாற்றிக் கொடுத்தால் நத்தையின் பையில் இருக்கும் பெட்டியும் மாறுகிறது. வழக்கு முடிந்தது.

எங்கோ ஸ்கொட்லாந்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். அதே காலத்தில் நம் கிழக்குக் கரையில் ஒருவர் இந்த நத்தைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எட்வேட் பிரெடெரிக் கெலார்ட். 1819இல் இலங்கையில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்துப் படை வைத்தியரானவர். 1852இல் இலங்கை விலங்குகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அரசாங்கத்துக்காக முத்துச் சிப்பிகளையும் ஆராய்ந்தார். திருகோணமலையில் கடமையாற்றிய காலத்தில் அங்குள்ள ஓடில்லாக் கடல் நத்தைகளைச் சேர்த்து, உயிருள்ளபோதே நிறம் தீட்டி வரைவித்தார். உயிருள்ளபோது என்பது முக்கியம். இந்த நத்தையைச் சாராயத்தில் போட்டால் நிறமெல்லாம் போய் வெறும் வெள்ளைச் சதைத் துண்டாகிவிடும். 1858இல் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இரண்டும் சேர்ந்து வருகின்றன: இந்த நத்தைகளும், அக்காலத்தில் 'தாவர விலங்குகள்' என்று அழைக்கப்பட்ட சாமந்தி வகைகளும். அவர் விவரித்த இனங்களில் சில இன்றும் நம் நாட்டின் பெயரைச் சுமக்கின்றன, 'சிலோனிக்கா', 'செயிலானிக்கா' என்று.

கெலார்ட் 1860இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியிலேயே இறந்துபோனார். வயது நாற்பது. அவருடைய சித்திரங்கள் இங்கிலாந்தின் நியூகாசில் நகர நூதனசாலையைப் போய்ச் சேர்ந்தன. 1906இல் சார்ள்ஸ் எலியட் என்பவர் அவற்றை எடுத்து ஆராய்ந்து, தென்னிந்திய, இலங்கை நத்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். திருகோணமலைத் தண்ணீரில் ஊர்ந்ததன் நிறம் என்ன என்பதை அறிய நியூகாசிலுக்குப் போக வேண்டியிருந்தது. எங்களுக்கு இதில் கோபமில்லை. அவர் பார்த்து வரைந்திராவிட்டால் அதுவும் இருந்திருக்காது. ஆனால் ஒன்று தோன்றிற்று: திருகோணமலைக் கரைக்கு ஒரு கெலார்ட் போனார். நம் கரையை நாம்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கதையெல்லாம் எங்களுக்குப் பள்ளியில் தெரியாது. தெரிய வந்தது சிட்னித் தோழியால். அங்கே பைசேலியாவுக்கு 'நீலப் போத்தல்' என்று பெயராம். காற்று கரைப் பக்கம் திரும்பினால் நூற்றுக்கணக்கில் ஒதுங்குமாம். ஒரு நாள் அவற்றின் நடுவே விரல் நீளத்தில் வெள்ளி நீல நிறத்தில் ஒன்று கிடந்தது. இரு பக்கமும் விசிறி விசிறியாகச் செட்டைகள், பல்லிக்குச் சிறகு வைத்த மாதிரி. தோழி குனிந்ததும் பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன், "அன்ரி, தொடாதீங்க, அது நீலப் போத்தலைத் தின்னுறது. அதைவிடக் கூடச் சுடும்" என்றானாம். எட்டு வயது இருக்கும் என்றாள்.

அதுதான் கிளோக்கஸ். 1777இல் பெயர் பெற்றது; கப்டன் குக்கின் கடற்பயணத்தில் போன இளைஞர் ஜோர்ஜ் ஃபோஸ்டர் பெயரிட்டார். ஏயோலிட் வீட்டாரில் நிலத்தை விட்டு நடுக்கடலில் மிதக்கப் போனது இது. வளர்ந்தாலும் 3 சென்ரிமீற்றர் அளவுதான். காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு, தண்ணீரின் மேற்பரப்பில் மல்லாக்கக் கிடக்கும். மேலே தெரியும் வயிறு நீலம். பறவைக்குக் கடலாகத் தெரியும். கீழே தெரியும் முதுகு வெள்ளிச் சாம்பல். மீனுக்கு வானமாகத் தெரியும். பைசேலியாவையும் நீலக் காசையும் தின்று, பெட்டிகளைச் செட்டை நுனிகளில் நெருக்கமாகச் சேர்த்து வைப்பதால்தான் அதன் சூடு கடுமையாகிறது. நம் வங்காள விரிகுடாவிலும் அது உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னை பெசன்ட் நகர்க் கரையில் ஒதுங்கிப் பத்திரிகைகளில் படம் வந்தது.

தோழி தொலைபேசியில் இதைச் சொன்னபோது எங்களைத் தைத்தது அந்த நத்தை அல்ல, அந்த எட்டு வயதுச் சிறுவன்தான். அவனுக்குக் கடலை அடைக்கவில்லை, சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் என்ன செய்தோம்?

இந்த இடத்தில் நாங்கள் மெல்லப் பேச வேண்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. இந்த மண்டபத்தில் இருக்கும் நாற்பது வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் அதை விளக்கத் தேவையில்லை. இலங்கையில் ஆகக் கூடிய உயிர்களைக் கொடுத்தது நம் அம்பாறை மாவட்டம். எங்கள் ஐவரில் ஒருத்தி அன்று தன் மகளைக் கொடுத்தாள். அவளுடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். இந்தப் பந்தியைத் திருத்தியவளும் அவளே. பிறகு பல வருடங்கள் அவள் கடற்கரைப் பக்கம் போகவில்லை. ஆடி அமாவாசைக்குத் திருக்கோவில் தீர்த்தத்துக்கு ஊரே இறங்கினாலும் அவள் கோயில் வீதியோடு நின்றுவிடுவாள். அவளைப் போல் எத்தனையோ தாய்மார். அந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பயம் பிள்ளைகளுக்கும் இறங்கிற்று. கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் பிறந்து வளர்ந்த பெண்பிள்ளைகள், கடலின் ஒரு பிராணிக்கும் பேர் தெரியாமல் பரீட்சை எழுதி, வேலை எடுத்து, கலியாணம் கட்டிப் போகிறார்கள். பெத்தா சொன்னதைச் சுனாமி உறுதிப்படுத்திவிட்டது போல ஆயிற்று.

இந்த வருடம் தை மாதம் ரொறன்ரோத் தோழியின் பேத்தி வந்திருந்தாள். பத்து வயது. தூதனுப்பாமல் நேரே போய் எங்கள் அந்தத் தோழியிடம், "நீங்கதான் என்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்று கேட்டுவிட்டாள். யார் சொல்லி அனுப்பியது என்று இன்றுவரை தெரியாது. மூன்று நாள் யோசித்து, நாலாம் நாள் அவள் செருப்பை மாட்டினாள். நாங்களும் பின்னாலே போனோம், பேசாமல்.

வாடைக் காற்று. அதே ஈர மணல். அரை மணித்தியாலம் அவள் ஈரத்துக்கு இந்தப் பக்கமே நின்றாள். பிள்ளை நீலக் காசு ஒன்றைக் கண்டு கத்தினாள். அவள் ஓரடி வைத்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் பலூன் ஒன்று கிடந்தது. பிள்ளை கையை நீட்டினாள். அவள் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடப்போகிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவள் ஒரு குச்சியை எடுத்து அந்த நூலை நீட்டிக் காட்டி, "இது செத்தாலும் சுடும் மகள். ஏனெண்டா இதுக்குள்ள சின்னச் சின்னப் பெட்டி இருக்கு" என்று தொடங்கினாள். டீச்சரின் வாக்கியங்கள், ஐம்பது வருடம் கழித்து, ஒரு சொல் பிசகாமல். பிறகு இருவருமாக ஒரு யோகட் கோப்பையில் கடல் நீர் அள்ளி வைத்துக்கொண்டு, நீல நத்தையைத் தேடினார்கள். அன்று அகப்படவில்லை. பொழுதுபட்ட பிறகுதான் திரும்பினோம். அவளுடைய செருப்பு நனைந்திருந்தது.

ஆகவே, பிள்ளைகளே, நடைமுறைக்கு வருவோம். வாடைக் காலத்தில் காற்று கரையை நோக்கி வீசும். கடலில் மிதப்பவை அப்போதுதான் ஒதுங்கும். வெறுங்காலோடு நடக்காதீர்கள். நீலமாக எது கிடந்தாலும், செத்தது போல் தெரிந்தாலும், கையால் தொடாதீர்கள். அழகாக இருப்பதைக் குச்சியால் காட்டுங்கள், கண்ணால் பாருங்கள்.

பைசேலியா சுட்டுவிட்டால் மணலால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் வெடிக்காத பெட்டிகளும் வெடிக்கும். நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல் நீரால் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் நூலைச் சாமணத்தாலோ கையுறை போட்ட கையாலோ தூக்கி எடுங்கள். பிறகு சுட்ட இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டு நீரில், ஏறக்குறைய 45 பாகை செல்சியஸில், 20 நிமிடம் வையுங்கள். கொதிநீர் அல்ல, பெரியவர் ஒருவர் முதலில் தன் கையை வைத்துப் பார்க்க வேண்டும். மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால், வாந்தி எடுத்தால், முகமோ கண்ணோ பட்டிருந்தால் வீட்டு வைத்தியம் பார்த்து நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சின்னப் பிள்ளைகள் விடயத்தில் காத்திருக்கவே வேண்டாம். அன்றைக்கு இவ்வளவும் தெரிந்திருந்தால் எங்கள் தோழி மூன்று இரவு அழுதிருக்க மாட்டாள்.

சங்கத்திடம் எங்கள் ஐவரின் வேண்டுகோள் ஒன்று உண்டு. நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் எழும்பட்டும், வளைவு எழும்பட்டும். அத்தோடு ஒரு தடித்த கொப்பியும் பத்துக் கைவில்லைகளும் விஞ்ஞான அறைக்கு வேண்டும். கைவில்லைகளை நாங்கள் வாங்கித் தருகிறோம். கொப்பிக்குப் பெயர் 'கரைக் கொப்பி'. மாதம் ஒரு முறை, ஆசிரியையும் இரண்டு தாய்மாரும் கூட வர, மாணவிகள் கரையில் நடந்து, அன்றைய தேதி, காற்று எந்தப் பக்கம், கரையில் கண்டது என்ன, எத்தனை என்று எழுத வேண்டும். பேர் தெரியாவிட்டால் படம் கீற வேண்டும், நிறத்தோடு. நீலக் காசு ஒதுங்கும் மாதம் எது, சொறிமுட்டை கூடும் மாதம் எது என்று பத்து வருடத்தில் அந்தக் கொப்பி சொல்லும். கரைவலைக்காரருக்கும் தீர்த்தத்துக்கு இறங்குபவருக்கும் அது உதவும். பெரிய ஆராய்ச்சியாளர் யாராவது கேட்டு வந்தால் நியூகாசிலுக்குப் போகச் சொல்லாமல் நம் அலுமாரியைத் திறந்து காட்டலாம்.

உலகெங்கும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் அக்காமாரே, தங்கச்சிமாரே, நீங்களும் ஏதோ ஒரு கரையில்தான் இருக்கிறீர்கள். நீங்கள் கண்டதைத் தேதியோடு எழுதி அனுப்புங்கள். கொப்பியின் கடைசிப் பக்கங்கள் உங்களுக்கு.

அந்த நத்தையிடம் நீதி போதனை கேட்க நாங்கள் வரவில்லை. அது பாவம், தன் வயிற்றுப்பாட்டைப் பார்க்கிறது. ஆனால் அது சொறியைக் கண்டு ஒதுங்கி வாழவும் இல்லை, கண்மூடிக்கொண்டு அதன் மேல் விழவும் இல்லை. மெல்லப் போகிறது, மணந்து பார்க்கிறது, எதைத் தொடலாம் என்று அறிந்து தொடுகிறது. எங்கள் டீச்சர் சொன்னதும் அவ்வளவுதான். அவர் இன்று இல்லை. அந்த நுணுக்குக்காட்டி விஞ்ஞான அறையில் யன்னல் பக்கம் இன்னும் இருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தோம்.

கூட்டம் முடிந்து தேநீர் குடித்த பிறகு நாங்கள் கடற்கரைக்குப் போகிறோம். வர விரும்புகிறவர்கள் வரலாம். எங்கள் தோழிதான் முன்னால் நடப்பாள். செருப்போடு வாருங்கள்.